விளக்கு போட்ட பிறகு
வாசகர் கேள்வி பதில்

பார்ப்பவரை நல்ல மனிதராக்கும் படங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். காவிரிப் படுகை ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். வீட்டு விஷயம் கலந்த கேள்விகள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் நல்ல படம் பார்த்தால் தேம்பித் தேம்பி அழுவார். மறுநாள் காலையில் காபி ஆறிப்போச்சு என்று அதே பழைய கத்தல். படம் பார்த்து மனுஷன் மாறுவான் என்பதெல்லாம் நிஜமா?
(வாசகி, கும்பகோணம்)

நிஜம்தான் அம்மா. ஆனால் அந்த வேலையை அழுகை செய்வதில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாக எண்ணும்போது அழுகையை ஒன்றாகவும் பெருமிதத்தை வேறொன்றாகவும் வைக்கிறது. இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை என்ற நான்கிலிருந்து பிறப்பது அழுகை. கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கிலிருந்து பிறப்பது பெருமிதம். ஒருவர் படும் பாட்டைப் பார்த்து அழுவது ஒன்று. ஒருவர் துணிந்து கொடுப்பதைப் பார்த்து நெஞ்சு விம்முவது வேறு. இந்த இரண்டாவதைத்தான் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் ‘எலிவேஷன்’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பிறர் செய்த நல்லதைக் காணும்போது நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு, நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதல். அந்தச் சூடு வெகுநேரம் நிற்காது. வடித்த சோறு மாதிரி, இறக்கிய சூட்டிலேயே பரிமாறிவிட வேண்டும்.

உங்கள் கேள்வியை ஒரு படமே கேட்டிருக்கிறது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1952இல் எடுத்த ‘இகிரு’. முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளில் முத்திரை குத்திக்கொண்டே காலத்தைத் தள்ளிய நகராட்சி அதிகாரி வாத்தனபேக்கு வயிற்றில் புற்றுநோய். சாவதற்குள் உருப்படியாக ஒன்று செய்ய நினைக்கிறார். சாக்கடை தேங்கும் ஒரு பள்ளத்தைத் தூர்த்துக் குழந்தைகளுக்கு விளையாட்டிடம் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைக்கழிக்கப்பட்ட பெண்களின் மனுவைத் தூசி தட்டி எடுக்கிறார். படம் முடிய இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே அவர் இறந்துவிடுகிறார். மிச்சப் படம் துக்க வீட்டில். உடன் வேலை பார்த்தவர்கள் மது உள்ளே போகப்போக அழுகிறார்கள், இனி அவரைப் போலவே இருப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள். அடுத்த காட்சி அலுவலகம். சாக்கடை பொங்குகிறது என்று ஒரு புகார் வருகிறது. புதிய தலைவர் அதை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார். ஓர் ஊழியர் மட்டும் பொறுக்காமல் சட்டென்று எழுந்து நிற்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள். அவரும் மெல்ல உட்கார்ந்து, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் முகம் மறைந்துபோகிறார். உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து முதலில் பார்க்க வேண்டிய படம் இதுதான். 143 நிமிடம். இரண்டு இரவாகப் பிரித்துக்கொண்டாலும் தவறில்லை.

பார்த்த பிறகு செய்ய வேண்டியது சின்ன வேலை. அன்றிரவே, தூங்குவதற்கு முன்பே, யாருக்கு, என்ன, எப்போது என்ற மூன்றும் இருக்கும்படி ஒரே ஒரு செயலை முடிவு செய்ய வேண்டும். ‘இனி கோபப்பட மாட்டேன்’ என்று எடுத்த முடிவு விடிவதற்குள் கரைந்துவிடும். ‘நாளைக் காலை காபி எப்படி இருந்தாலும் குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவி வைப்பேன்’ என்பது நிற்கும், ஏனென்றால் செய்தோமா இல்லையா என்பது எட்டு மணிக்குத் தெரிந்துவிடும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதி வைத்து, ஒரு வாரத்துக்கு அதை மட்டும் செய்தால் போதும். எழுதுவது அவராக இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ‘படத்துல பார்த்தீங்கல்ல?’ என்று குத்திக்காட்டவும் வேண்டாம். வெட்கப்பட்டவர் அடுத்த முறை படம் பார்க்கவே உட்கார மாட்டார்.

இன்னொன்று, ஒரே படத்தைத் திரும்பப் பார்ப்பது. காந்தி சிறுவனாக இருந்தபோது பார்த்த அரிச்சந்திரன் நாடகத்தைத் தன் மனத்துக்குள் கணக்கில்லாத முறை தானே நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு முறை பார்த்ததோடு அது நின்றிருந்தால் ஒரு பொழுதுபோக்காகவே போயிருக்கும். பத்துப் படம் பார்ப்பதைவிட ஒரு படத்தின் ஒரு காட்சியைப் பத்து முறை பார்ப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எங்கள் ஊர் திருவிழாவில் ஒரு நாள் ஆடல் பாடலுக்குப் பதிலாக ஒரு நல்ல படம் போடலாம் என்று இளைஞர்கள் முடிவெடுத்திருக்கிறோம். சுமார் 150 பேர் தரையில் உட்கார்வார்கள். என்னென்ன வேண்டும், எதில் சறுக்கும்?
(நீடாமங்கலம் அருகிலிருந்து)

மகிழ்ச்சியான சேதி தம்பி. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். கொட்டகை கட்டுவதற்கு முன்பே திறந்த வெளியில் படம் பார்த்த மண் இது.

திரை: பத்தடி அகலம், ஐந்தே முக்கால் அடி உயரம் போதும். நல்ல கெட்டி வெள்ளைத் துணி, நடுவில் தையல் வராத அகலத்தில் வாங்குங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணியைச் சேர்த்துக் கட்டினால் வெளிச்சம் ஊடுருவிப் போகாது, படம் அழுத்தமாகத் தெரியும். மூங்கில் சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும்போது கீழ்ப்பக்கத்துக்குக் கயிறு வேண்டாம். சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கட்டுங்கள். வயல்வெளிக் காற்று திடீரென்று அடித்தால் திரை பாய்மரம் மாதிரி உப்பும். டியூப் இளகிக் கொடுத்து மீண்டும் இழுத்துக்கொள்ளும், கயிறாக இருந்தால் துணி கிழியும், இல்லாவிட்டால் மூங்கில் சாயும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். தாழ்த்திக் கட்டினால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்துவிடும்.

புரொஜெக்டர்: வாடகைக்கு எடுக்கும்போது ‘ஏ.என்.எஸ்.ஐ. லூமென் எவ்வளவு’ என்று கேளுங்கள். வெளிச்சத்தை அளக்கும் கணக்கு அது. 3000க்குக் குறையாமல் இருக்கட்டும். பெட்டியின் மேல் 9000, 12000 என்று போட்டிருக்கும் மலிவு எல்.இ.டி. கருவிகளில் அந்த எண் வேறு கணக்கு. வீட்டுச் சுவருக்குச் சரி, திருவிழா விளக்குகளுக்கு நடுவில் படம் சாம்பல் பூத்துத்தான் தெரியும். பத்தடிப் படத்துக்குச் சாதாரண புரொஜெக்டரைத் திரையிலிருந்து சுமார் பதினைந்தடி தள்ளி வைக்க வேண்டிவரும். மேஜையைத் திரையின் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். கீழே வைத்துவிட்டுப் படத்தின் கோணலைப் பொத்தான் அழுத்திச் சரிசெய்தால் கூர்மையும் வெளிச்சமும் குறையும்.

ஒலி: கூம்பு ஒலிபெருக்கி அறிவிப்புக்குத்தான் லாயக்கு, அதில் வசனம் கீச்சிடும். பன்னிரண்டு அங்குலப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டைத் திரையின் இரு பக்கமும் ஆறடி உயரத்தில் நிறுத்துங்கள். ‘பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை’ என்ற புகார் கட்டாயம் வரும். காரணம் இது: பல ஸ்பீக்கர்களுக்கென்று பிரித்துப் பதிந்த 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். இரண்டே ஸ்பீக்கர் வைத்தால் அந்தச் சேனல் விட்டுப்போகிறது. லேப்டாப்பில் படம் ஓட்டும் மென்பொருளின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றிவிட்டால் நடுச் சேனல் இரண்டு பக்கமும் பிரிந்து வந்துவிடும். இதை முந்தின நாளே சரிபாருங்கள்.

ஒயர்: படம் போகும் ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் முப்பதடிக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, ஒலி ஒயரை மட்டும் நீளமாக ஸ்பீக்கர் வரை இழுத்துக்கொள்ளுங்கள். ஒயர் போகும் பாதையில் ஜனம் நடக்காதபடி, வழியைப் பின்பக்கமாக விடுங்கள்.

மின்சாரம்: விளக்கு வகைப் புரொஜெக்டர் அணைத்த பிறகும் சில நிமிடம் விசிறி ஓடி விளக்கைக் குளிரவைக்க வேண்டும். படம் நடுவில் மின்சாரம் போனால் அந்த விசிறியும் நின்று விளக்கு கெடும். அதற்கு மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். வையுங்கள். ஜெனரேட்டர் என்றால் 2 கே.வி.ஏ. தாராளம். அதை ஐம்பதடி தள்ளி, காற்று போகும் திசையில் வையுங்கள்.

பூச்சி: நம்மூருக்கே உரிய தொல்லை இது. பயிர் நிற்கும் காலத்தில் பச்சைத் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் வெளிச்சத்துக்குப் பறந்து வந்து திரையில் அப்பிக்கொள்ளும். புரொஜெக்டர் கண்ணாடி மேல் ஒரு பூச்சி உட்கார்ந்தால் நாயகியின் முகத்தில் யானை நிற்பது மாதிரி தெரியும். படம் தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே, கூட்டத்திலிருந்து நாற்பதடி தள்ளித் திரைக்குப் பின்பக்கமாக ஒரு பிரகாசமான வெள்ளை பல்பை எரியவிட்டு, கீழே தண்ணீர் தாம்பாளம் வையுங்கள். பாதிக்கு மேல் அங்கே போய்விடும். மார்கழி, தையில் பனி இறங்கித் துணியும் கருவியும் நனையும், அப்போது கூரை போட்ட மண்டபம்தான். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். பங்குனி முதல் ஆனி வரை தோது.

நேரம்: சித்திரை, வைகாசியில் ஏழேகாலுக்குத்தான் போதிய இருட்டு வரும். திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலையத்தில் அனுமதியும் வாங்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படமாகப் பாருங்கள். முடிந்ததும் குழல்விளக்கைப் பட்டென்று போடாதீர்கள், மைக்கையும் எடுக்காதீர்கள். இரண்டு நிமிடம் இருட்டிலேயே விடுங்கள். ‘இந்தப் படம் நமக்குச் சொல்வது என்னவென்றால்’ என்று ஒருவர் ஆரம்பித்தால் 150 பேரும் பாய் உதறிக் கிளம்பிவிடுவார்கள், நெஞ்சில் இருந்ததும் அதோடு போய்விடும்.

வீட்டில் ஓ.டி.டி. சந்தா இருக்கிறது. அதிலிருந்தே ஊருக்குப் போட்டுக் காட்டலாமா?
(பாபநாசம்)

கூடாது. அந்தச் சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கு. ஊர் கூடிப் பார்க்க, இலவசமாகவே இருந்தாலும், உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டால் சிறு ஊர்களுக்குக் குறைந்த தொகையில் கொடுப்பவர்கள் உண்டு. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். மூலக்கதைக்கும் பாட்டுக்கும் சப்டைட்டிலுக்கும் தனித்தனி உரிமை இருக்கக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குச் சலுகை உண்டு. ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்ப்பதாக இருந்தால், கல்விப் பணியின் பகுதியாகப் படம் காட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

தணிக்கைச் சான்றையும் பார்த்துவிடுங்கள். 2024 முதல், பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய படங்களுக்கான யு.ஏ. என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. திருவிழாவுக்கு வரும் பிள்ளைகளின் வயதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட எந்தப் படம்? ஒரு பாடவேளைதான் கிடைக்கும். படம் முடிந்ததும் ‘என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று கேட்டால் ‘பொய் சொல்லக் கூடாது டீச்சர்’ என்று ஒரே குரலில் சொல்கிறார்கள்.
(ஆசிரியை, வலங்கைமான்)

கேள்வியை மாற்றுங்கள் டீச்சர், பதில் மாறும்.

ஒரே பாடவேளை என்றால் ‘சிவப்பு பலூன்’. பிரெஞ்சுக்காரர் ஆல்பர்ட் லமோரிஸ் 1956இல் எடுத்தது, 34 நிமிடம், பேச்சு மிகக் குறைவு. மொழிச் சிக்கலே இல்லை. இரண்டு பாடவேளை சேர்ந்து கிடைத்தால் அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’ (1987, ஈரான், 83 நிமிடம்). எங்களைக் கேட்டால் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல படம் இல்லை.

கதை இவ்வளவுதான். இன்னொரு முறை நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் ஒரு பையனை மிரட்டுகிறார். அவன் பக்கத்தில் உட்காரும் அகமது, தன் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், அந்தப் பையனின் நோட்டும் இதில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அட்டை. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நண்பன் இருப்பது பக்கத்து ஊர், வீடு தெரியாது. அம்மாவிடம் சொல்கிறான், காதில் வாங்குவதில்லை, முதலில் உன் பாடத்தை எழுது என்கிறாள். சொல்லாமல் ஓடுகிறான். மேட்டில் ஏறும் அந்தக் கோணல் பாதையில் நோட்டை அணைத்துக்கொண்டு அவன் ஓடுவதை எத்தனை முறை காட்டினாலும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் இப்படி இருக்கட்டும்: அகமது அம்மாவிடம் எத்தனை முறை சொன்னான்? அவள் அப்போது என்ன வேலையாக இருந்தாள்? வழியில் யார் யார் அவனுக்கு உதவினார்கள், யார் அவன் பேசும்போது வேறு பக்கம் பார்த்தார்கள்? வீடு கிடைக்காதபோது கடைசியில் என்ன செய்தான்? கண்ணால் பார்த்ததைக் கேட்டால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு, நோட்டுக்குள் ஒரு சின்னப் பூ இருந்ததே, அது யார் கொடுத்தது என்று கேளுங்கள். பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பப் போடுங்கள். ‘நீதி’ என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம். மறுநாள் யாரோ ஒரு பிள்ளை லீவு போட்டவனுக்காகப் பாடம் எழுதிக்கொண்டு போகும்.

ஈரானியப் படம் பார்க்கச் சப்டைட்டில் வேண்டும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால், சப்டைட்டில் கோப்பை யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்து, ஒரு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

பாகப் பிரிவினையில் தம்பியோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்கள்.
(திருவாரூர்)

அண்ணே, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது இப்போதைக்கு வேண்டாம். முதலில் நீங்கள் தனியாக ‘மெய்யழகன்’ பாருங்கள். ச. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வந்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன குடும்பத்து மகன், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொண்டு விழுந்து விழுந்து கவனிக்கும் ஒருவனின் பெயர் மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். கடைசிவரை இவ்வளவுதான் முடிச்சு. வீட்டைக் காலி செய்தபோது அவர் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் அவன் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவன் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நீங்கள் விட்டுவந்ததில் தம்பியிடம் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நிதானமாகப் பார்க்கிறவருக்கு நீளமான வடிவமே நல்லது என்போம்.

பிறகு தம்பிக்குப் போன் போடுங்கள், ஆனால் படத்தைப் பற்றியும் பாகத்தைப் பற்றியும் பேசாதீர்கள். ‘மேட்டூர்ல தொறந்தாச்சாமே, அங்க வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?’ போதும். ஒரு நிமிடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. படம் கொடுத்த வேகத்தில் ஒரே மூச்சாக மன்னிப்பு, அழுகை, பத்திரம் என்று இறங்கினால், எதிரில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை என்பது மறந்துபோகும். அங்கேதான் பலருக்கு மறுபடி முறிகிறது. ஆறேழு போன் போன பிறகு, அவராகவே ‘நல்ல படம் ஏதாவது பாத்தியா அண்ணே’ என்று கேட்டால் சொல்லுங்கள்.

நாயகன் நாற்பது பேரை அடித்துவிட்டுக் கடைசியில் நல்லதைச் சொல்கிறானே, அந்தப் படங்களும் மனிதரை நல்வழிப்படுத்தாதா?
(மயிலாடுதுறை)

உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்வது அடியைத்தான், வசனத்தை அல்ல. இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) படத்தில் நல்லவனே கடைசியில் ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். கூட்டம் அவனை மகன் கண்முன் அறைகிறது. அதன்பின் அந்தச் சிறுவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவாக நடித்தவர் நடிகரே அல்ல, ஆலைத் தொழிலாளி. 89 நிமிடம். பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் யாராவது திருடன் என்று பிடிபடும் நாளில் உங்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. எழுத்து படிக்க வராது. பழைய பக்திப் படம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வேற்றுமொழிப் படம் காட்ட வழியுண்டா?
(வேதாரண்யம்)

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) காட்டுங்கள். பேச்சு கிடையாது, இசை உண்டு, நடுநடுவே சில வரிகள் எழுத்தில் வரும். பேசாப் பட காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். முந்தின நாள் தனியாக ஒரு முறை பார்த்து, எழுத்து வரும் இடங்களைப் பேச்சுத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் வலது பக்கமோ இடது பக்கமோ, எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். முன்னாலேயே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பூ விற்கிற பெண்ணுக்குக் கண் தெரியாது, சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பெரிய பணக்காரன் என்று நினைத்திருக்கிறாள். இது புரியாவிட்டால் மிச்சம் எதுவும் புரியாது. போதையில் இருக்கும்போது மட்டும் நாடோடியை நண்பன் என்று கொண்டாடிவிட்டு, தெளிந்ததும் ‘யார் நீ’ என்று கேட்கிற பணக்காரரை அம்மா தானே புரிந்துகொள்வார், விளக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

கடைசிக் காட்சியில், கண் கிடைத்த அந்தப் பெண் கிழிந்த உடையில் நிற்கும் நாடோடிக்கு இரக்கப்பட்டுக் காசு கொடுக்கிறாள். கொடுக்கும்போது அவன் கையைத் தொடுகிறாள். அந்தத் தொடுகையில்தான் ஆளைக் கண்டுகொள்கிறாள். அங்கே வரும் எழுத்து மிகக் குறைவு, எல்லாமே சில சொற்கள்தான். அதை மெதுவாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு இருங்கள்.